கம்பளி, பொட்டு, அபாயா: நம்ம பெண்கள் உடுத்தின வரலாறு

சவூதி அரேபியாவுக்குப் போகிற ஒரு பெண் என்ன உடுத்த வேண்டும்? சுற்றுலாக் கையேடுகளில் இதற்குச் சுலபமான பதில் இருக்கிறது. தோளும் முழங்காலும் மறைய வேண்டும், உடை இறுக்கமாக இருக்கக் கூடாது, பள்ளிவாசலுக்குள் போனால் தலையை மூட வேண்டும், கைப்பையில ஒரு சால்வை இருந்தா நல்லது. 2019 செப்டெம்பரில் சவூதி அரசு உலகத்துக்குச் சுற்றுலா வீசாவைத் திறந்து விட்டபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா போட வேண்டியதில்லை, அடக்கமான உடை போதும் என்றும் சொன்னது.

ஆனால் தெஹியோவிட்டயிலிருந்து அங்கே போகிற பெண்கள் யாரும் சுற்றுலா போகவில்லை. அவிசாவளையைத் தாண்டி ஹட்டன் போகிற பாதையில், இறப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கிற தோட்டங்கள் எங்களுடையவை. இங்கே "ஃபொரின் போனவங்க" என்றால் வீட்டு வேலைக்குப் போனவர்கள் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு லயத்திலும் சவூதி, குவைத், டுபாய் என்று போய் வந்த ஒரு அக்காவோ சித்தியோ இருப்பார். அவர்களுக்கு உடை பற்றி ஆலோசனை சொன்னது கையேடு இல்லை. ஏஜென்சிக்காரர் சொன்னார், பிறகு வீட்டு எஜமானி சொன்னார். இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்க வருவது இதுதான்: "அடக்கமாக உடுத்து" என்ற அதே விதி ஒருத்திக்கு மரியாதையாகவும் இன்னொருத்திக்குக் கட்டளையாகவும் மாறுவது எப்படி?

பெண்ணின் துணி மேல் அதிகாரம் கை வைப்பது ஒரு மதத்துக்கோ ஒரு நாட்டுக்கோ உரிய பழக்கம் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பழைய திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடினால்தான் குற்றம். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மேலாடை அணியும் அனுமதி வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஈரானில் 1936இல் ரேசா ஷா பெண்களின் தலைத்துணியைக் கழற்றச் சொல்லிப் பொலிஸை ஏவினார். அதே நாட்டில் 1979 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு போடச் சொல்லிப் பொலிஸை ஏவியது. மூடு என்றாலும் சரி, திற என்றாலும் சரி, இரண்டிலும் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

எங்கள் கதையை வளைகுடாவிலிருந்து தொடங்க முடியாது, கம்பளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த சனங்களுக்கு மலைக் குளிரும் மழையும் புதுசு. தோட்டம் ஆளுக்கொரு முரட்டுக் கம்பளி கொடுத்தது. அதைத் தலையில் போட்டு உடம்பைச் சுற்றிக்கொண்டுதான் மழையில் வேலை செய்தார்கள். சும்மா கொடுத்ததில்லை. அரிசிக் காசோடு கம்பளிக் காசும் கணக்கில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிந்தது. இன்றைக்கும் கொழுந்தெடுக்கிற பெண் இடுப்பில் படங்கு கட்டுகிறாள், கூடைக் கயிறு அறுக்காமல் இருக்கத் தலையில் துணி மடித்துப் போடுகிறாள். நம்ம பெண்களுக்குத் தலையை மூடிக்கொண்டு வேலை செய்வது அரபு நாட்டில் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு "துண்டு"ம் இருந்தது. தோளில் போடுகிற துண்டு இல்லை, காகிதத் துண்டு. இன்ன கடனைக் கட்டினால் இந்தக் கூலிகளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் சீட்டோடு சேர்ந்தே ஆளும் கைமாறினார். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

அடுத்தது பொட்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் நாடே எரிந்தது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு மாதிரி இருக்கிற சப்ரகமுவத் தோட்டங்களில், ஆபத்தான நாட்களில் பெண்கள் முதலில் செய்தது பொட்டை அழித்ததுதான். தோட்டைக் கழற்றினார்கள், தாலியைச் சட்டைக்குள் மறைத்தார்கள், பஸ்ஸில் தமிழ் பேசாமல் இருந்தார்கள். ஆக, உயிர் தப்புவதற்காக அடையாளத்தை மாற்றி உடுத்துவது எங்கள் அம்மம்மாக்களுக்குச் சொந்த ஊரிலேயே தெரிந்த வித்தை.

வளைகுடாக் கதவு திறந்தது இதே காலத்தில்தான். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, அரபு வீடுகளில் பணம் சேர்ந்தது. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கச் சட்டம் வந்தது. 1990களின் நடுவில் வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்களில் நாலில் மூன்று பங்குக்கு அருகில் பெண்கள். அதே காலகட்டத்தில் சவூதியும் இறுகிக்கொண்டிருந்தது. 1979 நவம்பரில் மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதக் குழு ஒன்று கைப்பற்றிய பிறகு, அரசு மதவாதிகளுக்கு நிறைய விட்டுக்கொடுத்தது. வீதியில் பெண்களின் உடையைக் கண்காணித்த முத்தவ்வாக்களின் கை ஓங்கியது.

தோட்டப் பெண்கள் பலர் அந்த வரிசையில் பிந்தித்தான் சேர்ந்தார்கள். காரணம் அடக்கமோ பயமோ இல்லை. பிரஜாவுரிமை இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் கடவுச்சீட்டு இல்லை. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. எங்கள் வீடுகளில் சிலருக்கு முதன்முதலாகக் கிடைத்த பிரஜாவுரிமைப் பலனே சவூதி வீசாதான். கொழுந்துக்கும் பாலுக்கும் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த இடத்தில், அந்தக் கணக்கு யாருக்கும் புரியும்.

போய் வந்தவர்களிடம் உடை பற்றிக் கேட்டால் பதில்கள் ஒரே மாதிரி வருவதில்லை. "வெளிய போனா அபாயா, வீட்டுக்குள்ள மேடம் கொடுத்த யூனிபோர்ம், இதுல நமக்கு என்ன இருக்கு" என்பார் ஒருவர். "கறுப்பைப் போட்டா உள்ள கிழிஞ்சது இருந்தாலும் யாருக்கும் தெரியாது, நல்ல வசதி" என்று சிரிப்பார் இன்னொருவர். துணியை விட அவர்களுக்கு வலித்தது வேறு: பொட்டு வைக்க முடியாதது, சாமி படத்தைப் பெட்டியின் அடியில் ஒளித்தது, தீபாவளிக்கும் அதே யூனிபோர்ம். அபாயா பற்றி அவர்கள் பேசுவது கொஞ்சம்தான். போன், சாப்பாடு, தூக்கம், கடவுச்சீட்டு, இவை பற்றித்தான் அதிகம்.

இதே உடையை மறுத்தவர்களும் உண்டு. சவூதியில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படை விமானி மார்த்தா மெக்சலி, முகாமுக்கு வெளியே அபாயா போட வேண்டும் என்ற தன் இராணுவத்தின் உத்தரவுக்கு எதிராக 2001இல் வழக்குப் போட்டார். அடுத்த வருடமே, பெண் படையினரை அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க காங்கிரஸ் சட்டம் செய்தது. 2015 ஜனவரியில் மிஷெல் ஒபாமா தலைத்துணி இல்லாமல் ரியாத்தில் இறங்கினார். பேச்சு எழுந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. 2016இல் முத்தவ்வாக்களின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018இல் பட்டத்து இளவரசரே, சட்டம் கேட்பது கண்ணியமான உடையைத்தான், அது அபாயாவாக இருக்க வேண்டும் என்றில்லை என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார். விதி தளர்ந்தது உண்மை. ஆனால் வீட்டு வேலைக்காரிக்கு விதி எழுதுவது இளவரசர் இல்லை, அவள் நிற்கிற வீடு.

இங்கேதான் அந்தத் துண்டு திரும்பி வருகிறது. கஃபாலா முறையில் வேலைக்காரியின் வீசா எஜமானரின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் விடாமல் வேலை மாறுவது மிகக் கடினம். கடவுச்சீட்டை அவர் பிடுங்கி வைத்துக்கொள்வது சாதாரணம். 2021இல் சவூதி கொண்டுவந்த தொழில் சீர்திருத்தத்திலும் வீட்டு வேலையாட்கள் சேர்க்கப்படவில்லை. நூறு வருடத்துக்கு முன் இங்கே ஒழித்த துண்டு, அங்கே வேறு பெயரில் இருக்கிறது.

"அடக்கமா இருந்தா பிரச்சினை வராது" என்ற வாக்கு எவ்வளவு பொய் என்பதற்கு மூதூர் ரிசானா நபீக் போதும். முஸ்லிம் பெண், அந்த உடைக்குப் பழகியவர். 2005இல் வயது கூட்டி எழுதின கடவுச்சீட்டில் போனபோது அவருக்கு 17 வயது. பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்துபோக, கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டார். 2010இல் ஆரியவதி என்ற சிங்களப் பெண் உடம்புக்குள் ஆணிகளும் ஊசிகளுமாகத் திரும்பி வந்தார். இவர்களில் யாரையும் உடை காப்பாற்றவில்லை.

இதற்கு நம்ம அரசு கண்டுபிடித்த மருந்து என்ன? 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் போகக் கூடாது, போகிறவள் கிராம உத்தியோகத்தரிலிருந்து மேலே வரை கையெழுத்து வாங்க வேண்டும். தகப்பனுக்கு இந்த விதி இல்லை. எஜமானரைத் திருத்த முடியாதபோது பெண்ணை அடக்கினார்கள். வயது எல்லை 2022இல்தான் இரண்டாகக் குறைந்தது.

திரும்பி வந்த அபாயாவுக்கும் இங்கே நிம்மதி இல்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 29ஆம் திகதி முகத்தை மூடும் உடை தடை செய்யப்பட்டது. அபாயாவுக்குத் தடை இல்லை, ஆனாலும் பஸ்ஸிலும் அரச அலுவலகத்திலும் கறுப்பு உடுத்திய முஸ்லிம் பெண்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஒரு காலத்தில் பொட்டுக்காகப் பயந்தவர்களின் பேத்திகள் நாங்கள். தானாக விரும்பி அபாயா போடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் தோழியை அந்தக் கண்ணால் பார்க்க எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. கேள்வி துணி பற்றியது இல்லை, வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது பற்றியது. சொல்ல முடிந்தால் அது உடை. சொல்ல முடியாவிட்டால் அதுவும் சம்பளத்தில் கழிகிற இன்னொரு கம்பளி.

எங்கள் தோட்டங்களிலிருந்து பெண்கள் இன்னும் போகிறார்கள். பயணத்துக்கு முந்திய பயிற்சியில் அரபுச் சொல்லும் வொஷிங் மெஷினும் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்லது. என்ன உடுத்தணும் என்று கேட்டால் நாமும் சொல்லுவோம்: நீளமா, தளர்வா, தலைக்கு ஒரு துணி. கூடவே மற்றதையும் சொல்லணும். கடவுச்சீட்டின் போட்டோ கொப்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீங்க. தூதரக நம்பரை மனப்பாடம் பண்ணுங்க, ஏனென்றால் போனைப் பிடுங்கலாம், மனசில் இருப்பதைப் பிடுங்க முடியாது.