துணையின்றி நிற்கும் எழுத்து: ஆங்கிலக் ‘கியூ’வின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘கியூ’ என்னும் எழுத்தை அடுத்து ‘யூ’ வந்தே தீரும் என்பது நாம் தொடக்கப்பள்ளியில் கற்ற பாடம். ஆசிரியர்களான பின்னர் நாமும் அவ்வாறே கற்பித்தோம். மாறி எழுதிய மாணவரின் விடையைச் சிவப்பு மையால் திருத்தவும் செய்தோம். ஆயினும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் தேர்ந்த மாணவர், ‘யூ’ இல்லாத ‘கியூ’ச் சொற்கள் பத்தினைத் தயங்காமல் அடுக்கிக் காட்டுவார். விதி பிழையா, சொற்கள் பிழையா? இவ்வினாவுக்கு வரலாறே விடை தரும்.

பண்டைப் பினீசியரின் எழுத்துகளுள் ஒன்று, உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் ஒரு வல்லொலியைக் குறித்தது. எபிரேயத்தின் ‘கோஃப்’, அரபியின் ‘காஃப்’ ஆகியவை அதன் வழிவந்தவை. கிரேக்கர் அதனைக் ‘கோப்பா’ என்றனர்; அவ்வொலி தம் மொழியில் இல்லாமையால் நாளடைவில் எழுத்தாகக் கைவிட்டு, 90 என்னும் எண்ணின் குறியாக மட்டும் போற்றினர். எத்ருஸ்கர் வழியாக இலத்தீனுக்கு வந்தபோது, ககர ஒலி ஒன்றுக்கே மூன்று எழுத்துகள் இருந்தன. காலப்போக்கில் ‘சி’ எழுத்தே பெரும்பான்மை இடங்களைப் பற்றிக்கொள்ள, ‘கியூ’ தன் துணையாகிய ‘யூ’வின் முன் மட்டும் நிலைத்தது.

பழைய ஆங்கிலத்தில் இந்த இணை வழக்கில் இல்லை. அரசியைக் குறிக்கும் ‘குயீன்’ என்னும் சொல்லின் முன்வடிவை, ‘சி’ எழுத்தையும் வகர ஒலிக்குரிய எழுத்தையும் சேர்த்தே எழுதினர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், பிரெஞ்சு மரபில் பயின்ற எழுத்தர்கள் தம் வழக்கத்தைப் புகுத்தினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் புதிய எழுத்துக்கூட்டலே நிலைபெற்றது. ஆகவே, நாம் விதியென்று கற்பித்தது எழுத்தர்களின் கைப்பழக்கமே.

அப்பழக்கத்தை மீறியவை கடன்சொற்கள். அரபியிலிருந்து ‘புர்கா’, ‘நிகாப்’, ‘தலாக்’ ஆகியவை வந்தன. ஏமனில் மெல்லப்படும் ‘காத்’ என்னும் இலையின் பெயரும், ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாயாகிய ‘கனாத்’தின் பெயரும் அவ்வாறே. சீனத்திலிருந்து உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’ வந்தது. 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறையில் ‘கியூ’ ககரத்தைக் குறிப்பதில்லை; சகரத்தை ஒத்த ஓர் ஒலியைக் குறிக்கிறது. அல்பேனியர் 1908ஆம் ஆண்டு மனாஸ்திர் மாநாட்டில் வகுத்த நெடுங்கணக்கிலும் அதற்கு அண்ணத்தில் பிறக்கும் வேறோர் ஒலி உண்டு. அந்நாட்டு நாணயத்தின் பெயரும் ஆங்கில அகராதியில் ஏறியுள்ளது. தட்டச்சுப் பலகையின் முதல் ஆறு எழுத்துகளால் ஆன ‘குவெர்ட்டி’யோ எம்மொழியிலிருந்தும் கடன் பெற்றதன்று.

இச்சொற்களுக்குப் புதுமதிப்புத் தந்தது விளையாட்டே. அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எழுத்துகள் பயிலும் அளவை எண்ணிப் பார்த்து ஓர் ஆட்டத்தை வகுத்தார். 1948இல் ஜேம்ஸ் புருனோ அதற்கு ‘ஸ்கிராபிள்’ என்று பெயரிட்டார். 100 வில்லைகளுள் ‘கியூ’ ஒன்றே. அதன் மதிப்பு 10 புள்ளி. ‘யூ’ நான்கே. கையில் ‘கியூ’வை வைத்துக்கொண்டு ‘யூ’வுக்குக் காத்திருப்பவர் தோற்பார். எனவே ஆட்டக்காரர்கள் அகராதிகளைத் துருவி, துணையில்லாச் சொற்களைத் தொகுத்தனர். ‘சீ’ என்னும் ஈரெழுத்துச் சொல் 2006இல் வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் சேர்ந்ததும் ஆட்டத்தின் போக்கே மாறியது.

இங்கு நம் மொழிச்சூழலையும் எண்ணிப் பார்த்தல் தகும். இரவலரையும் துறவியரையும் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று, தமிழில் ‘பக்கீர்’ ஆயிற்று. மலாய் அதனைக் ‘கே’ எழுத்தால் எழுதுகிறது. ஆங்கிலமோ ‘கே’, ‘கியூ’ என இருவகையாகவும் எழுதுகிறது. வடசொல்லின் அயலெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தச் செய்க என்பது தொல்காப்பியம் எச்சவியலில் காட்டும் நெறி. ஒரு மொழி சொல்லைத் தன் எழுத்துக்கு இசைவிக்கிறது. மற்றொன்று சொல்லின் பொருட்டுத் தன் எழுத்து வழக்கையே நெகிழ்த்துகிறது. இவற்றுள் ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று கூற மொழியியலில் இடமில்லை. இரண்டும் வாழும் மொழிகள் விருந்தினரை ஏற்கும் முறைகளே.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ‘யூ’ இல்லாத ‘கியூ’ச் சொல்லை மாணவர் எழுதிக் காட்டினால், சிவப்பு மையை எடுக்குமுன் அகராதியை எடுப்போம். அச்சொல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அவரையே தேடச் செய்வோம். விதியை மட்டும் கற்ற மாணவர் பிழைக்கு அஞ்சுவார். விதி பிறந்த கதையையும் கற்றவர் மொழியை ஆராயத் தொடங்குவார். சிவப்பு மையால் நாம் முன்பு அடித்துவிட்ட சொற்களுள் எத்தனை சரியானவையோ என்னும் எண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது.