ரொக்கியின் மூலங்கள்

1976இல் வெளிவந்த 'ரொக்கி' திரைப்படத்தின் தோற்றுவாயைப் பலரும் 1975 மார்ச் 24இல் ஒகையோவில் நிகழ்ந்த போட்டியிலேயே காண்பர். மதுபான விற்பனையாளரான சக் வெப்னர் அன்று முகமது அலியைப் பதினைந்தாம் சுற்றுவரை எதிர்த்து நின்றார். 19 செக்கன்களே எஞ்சியிருக்க வீழ்ந்தார். சில்வெஸ்ரர் ஸ்ரலோன் திரைக்கதை எழுத அதுவே தூண்டுதல். வெப்னர் 2003இல் வழக்கும் தொடுத்தார். அது 2006இல் இணக்கமாக முடிந்தது.

ஆயின் கதாநாயகனின் உழைப்பு வெப்னருடையதன்று. பிலடெல்பியாவின் இறைச்சிக்கூடத்தில் வேலைசெய்து, தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயின்றதாகக் கூறியவர் கறுப்பினத்தவரான ஜோ பிறேசியர். அவ்வுழைப்பு வெள்ளையின வீரனொருவனுக்குப் போர்த்தப்பட்டது என்றே கொள்ளவேண்டும். 1971இல் அலியையே வென்ற பிறேசியருக்குப் படத்தில் கிடைத்ததோ தம் பெயரில் தோன்றும் சிறு காட்சி மட்டுமே. கற்பனை வீரனுக்கு 1980களிலேயே அந்நகரிற் சிலை நின்றது. பிறேசியருக்கு 2015இல், அவர் மறைந்து நான்காண்டுகளின் பின்னரே எழுந்தது.