பனையேறி மீனும் படைப்பைப் பற்றிய நம் சிந்தனையும்

உயிரினங்கள் தாம் வாழும் சூழலுக்கு ஏற்றவாறு அமைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, அதன்மூலம் படைத்தவரின் ஞானத்தை விளக்குவது நம் பிரசங்கங்களில் நெடுநாள் வழக்கமாகும். ஒட்டகத்தின் திமிலையும் மரங்கொத்தியின் அலகையும் எடுத்துக்காட்டாத போதகர் அரியர். இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாது இவ்வாதத்தைக் கையாள்பவர், கல்லூரியில் விலங்கியல் பயிலும் ஓர் இளைஞனின் முதல் கேள்வியிலேயே தடுமாற நேரிடும். எனவே, தமிழகத் திருச்சபை வரலாற்றோடு தொடர்புடைய ஒரு சிறு மீனைத் துணையாகக் கொண்டு அவ்வரலாற்றை இங்கு நோக்குவோம்.

1. தரங்கம்பாடியின் பங்கு

1706இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்திறங்கிய தரங்கம்பாடி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்கை ஆய்வுக்கும் ஒரு மையமாயிற்று. லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கேனிக் 1768இல் இங்கு வந்தார். 1776இல் வந்த ரோட்லர் ஐயர் செடிகொடிகளைச் சேகரித்தார். 1771இல் வந்து, 1813இல் காலமாகும்வரை இங்கேயே உழைத்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஐயர், தாம் சேகரித்த மீன்களைப் பெர்லின் நகரிலிருந்த மார்கஸ் எலியேசர் பிளாக் என்னும் யூத மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக், 1782 முதல் 1795 வரை மீன்களைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளை வெளியிட்ட பேரறிஞர். மீன் பேரினம் ஒன்றிற்கு அவர் ஜான் ஐயரின் நினைவாக இட்ட 'ஜானியஸ்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. லூத்தரன் குருவானவரும் யூத அறிஞரும் படைப்பைப் பற்றிய ஆர்வத்தால் இணைந்தமை நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

நம் மக்கள் 'பனையேறி' என்றும் 'பனையேறிக் கெண்டை' என்றும் அழைக்கும் மீன் இக்காலத்தில்தான் ஐரோப்பிய அறிஞரின் கவனத்திற்கு வந்தது. தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அதிகாரி, 1791இல் குளக்கரைப் பனை ஒன்றில் சுமார் ஐந்து அடி உயரத்தில் இம்மீன் மேலேற முயல்வதைக் கண்டு, தம் கையால் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. ஜான் ஐயரும் இம்மீனைப் பற்றிய செய்தியை ஐரோப்பாவுக்குத் தெரிவித்தார். பின்னர் இதற்கு வழங்கிய 'அனபாஸ்' என்னும் அறிவியற் பெயர், 'ஏறுதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையினின்று பிறந்ததாகும். சகேயு காட்டத்தி மரத்தில் ஏறியதை லூக்கா குறிக்கும் சொல்லும் (லூக்கா 19:4) இதுவே.

2. பொருத்தமே சான்று எனக் கருதிய காலம்

அக்கால அறிஞர் இத்தகைய செய்திகளை எந்த நோக்கில் வாசித்தனர்? ஆங்கிலத் திருச்சபையின் குருவும் இயற்கை ஆய்வாளருமான ஜான் ரே, படைப்பில் விளங்கும் தேவ ஞானத்தைப் பற்றி 1691இல் ஒரு நூல் வெளியிட்டார். இவ்வாத முறையை 1802இல் வில்லியம் பேலி தம் 'இயற்கை இறையியல்' என்னும் நூலில் முழுமையாக்கினார். கடிகாரத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பது கடிகாரம் செய்தவரைக் காட்டுவதுபோல், உயிரின் உறுப்புகள் படைத்தவரைக் காட்டுகின்றன என்பது அவர் வாதம். ஒவ்வோர் உயிரும் தன் இடத்திற்கென்றே தொடக்கமுதல் வடிக்கப்பட்டது என்பது அதில் அடங்கிய கருத்து.

பனையேறியின் தலையில், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு உண்டு. கூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர், மீன் கரையேறும்போது செவுளை நனைத்துக்கொள்ள நீரைத் தேக்கிவைக்கும் அறை இது எனக் கருதினார். பொருத்தமான விளக்கமாகவே அது தோன்றியது. ஆயினும் அது தவறு. அவ்வுறுப்பு நேரே காற்றைச் சுவாசிப்பதற்கானது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பனையேறும் செய்தியும் ஐயத்திற்குரியதாயிற்று. மழைக்காலத்தில் இம்மீன், முள்ளமைந்த செவுள் மூடிகளை நிலத்தில் ஊன்றி, வாலால் உந்தி, குளம்விட்டுக் குளம் செல்வது உண்மையே. ஆனால் மரத்தில் காணப்பட்ட மீன்கள் பறவைகளால் அங்கே விடப்பட்டவையாக இருக்கலாம் எனச் சில ஆய்வாளர் கருதினர்.

3. 1859க்குப் பின்

கேம்பிரிட்ஜில் பேலியின் நூலை விரும்பிப் பயின்ற சார்லஸ் டார்வின், 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை வெளியிட்டார். உயிர்களிடையே காணும் பொருத்தத்தை அவர் மறுக்கவில்லை. அது உண்டான வழியையே வேறுவிதமாக விளக்கினார். கோடையில் வற்றிச் சூடேறிய குட்டைகளில் பிராணவாயு குறையும். மேற்பரப்பிற்கு வந்து காற்றை விழுங்கிய மீன்களுள், செவுள் வளைவின் எலும்பு சற்றே விரிந்திருந்தவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன; மற்றவை மாண்டன. எண்ணற்ற தலைமுறைகளில் அச்சிறு வேறுபாடு ஓர் உறுப்பாயிற்று. இவ்வகை மாற்றத்தைத் தனி மீன் எதுவும் முயன்று பெறுவதில்லை. அது ஓர் இனத்தின் வரலாற்றில் நிகழ்கிறது.

அன்றியும், இப்பொருத்தம் நிறைவானதன்று. வளர்ந்த பனையேறியை மேற்பரப்பிற்கு வரவிடாது தடுத்தால், நீருக்குள்ளேயே அது மூச்சடைத்து இறக்கும். காற்றைத் தேடி அது மேலே வரும் கணமே கொக்கிற்கு வாய்ப்பான கணமாகும். அதனைக் காக்கும் உறுப்பே அதனைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது.

4. இறையியல் வினா

இங்கு எழும் வினா, கடவுள் படைத்தாரா என்பது மட்டுமன்று. ஒரு பொருத்தம் உருவாக இத்தனை உயிர்கள் மடிய வேண்டுமா என்பதே கடினமான வினா. டார்வின் இதனை உணர்ந்திருந்தார். உயிருள்ள புழுவின் உடலைக் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்னும் குளவியினத்தை அன்புள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என நம்பத் தம்மால் இயலவில்லை என்று, 1860 மே மாதத்தில் அமெரிக்கத் தாவரவியலாரும் பக்தியுள்ள கிறிஸ்தவருமான ஏசா கிரேக்கு எழுதினார். கிரேயோ, இயற்கைத் தெரிவுக் கொள்கையை ஏற்பது கடவுள் நம்பிக்கைக்கு முரணாகாது எனத் தொடர்ந்து வாதிட்டார். இருவரும் நண்பர்களாகவே நிலைத்தனர்.

திருமறை இவ்வினாவை மறைப்பதில்லை. யோபு நூலில் ஆண்டவர் காட்டும் கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன (யோபு 39:30). தேவன் சுவாசத்தை வாங்கும்போது உயிர்கள் மாண்டு மண்ணுக்குத் திரும்புவதைச் சங்கீதக்காரன் தன் துதிப் பாடலிலேயே சேர்த்துக்கொள்கிறான் (சங்கீதம் 104:29). சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனையில் தவிக்கிறது எனப் பவுல் கூறுகிறார் (ரோமர் 8:22). பேலியின் கடிகாரம் வேதனைப்படுவதில்லை. பவுல் காணும் படைப்போ தவித்துக்கொண்டே எதிர்நோக்கியிருக்கிறது.

5. நமக்குரிய பாடம்

ஜான் ஐயரின் காலத்து விளக்கங்கள் பல மறைந்தன. ஆனால் அவர் பொறுமையாகச் சேகரித்து அனுப்பிய மீன்களின் பயன் மறையவில்லை. காண்பதை உண்மையோடு பதிவுசெய்வதும் ஒரு வழிபாடே. நாம் பொருத்தத்தை மட்டும் எடுத்துப் பேசி, அதன் விலையை மறைத்தால், நம் சொல் பாதி உண்மையாகவே நிற்கும். துயருறும் குடும்பத்தின்முன் அப்பாதி உண்மை பயன்படாது. படைத்தவரின் ஞானத்தை அறிவிக்கும் நாம், தவிக்கும் படைப்பின் நடுவே சிலுவையைச் சுமந்தவரையும் சேர்த்தே அறிவிப்போமாக.