அந்தமான் பெருஞ்சாலை

அந்தமான் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது செல்லுலர் சிறைச்சாலையே. அச்சிறையினும் வயதில் மிக இளையதாயினும், வழக்குக்கும் வருத்தத்துக்கும் குறைவில்லாத வரலாறு அங்குள்ள பெருஞ்சாலை ஒன்றுக்கும் உண்டு. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரில் தொடங்கி, வட அந்தமானிலுள்ள திக்லிப்பூர் வரை அது செல்கிறது. ரயில் இல்லாத அத்தீவுகளில் தெற்கையும் வடக்கையும் நிலவழியே இணைப்பது அச்சாலைதான். விடியுமுன் பஸ் ஏறினால் மாலையில் போய் இறங்கலாம்.

ஜிர்க்காடாங் சாவடியில் வண்டிகள் யாவும் நிறுத்தப்படுகின்றன. குறித்த வேளையில், போலீஸ் காவலுடன், ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டினுள் நுழையவேண்டும். இடையில் நிற்றலாகாது, முந்துதலாகாது, படமெடுத்தல் குற்றம். 'லைன் கிளியர்' இன்றி வண்டி நகராத இலாகாவில் காலங்கழிக்கும் எனக்கு இவ்வொழுங்கு பழகியதாகவே தோன்றிற்று. ஆனால் இங்கே முதன்மையாகக் காக்கப்படுவோர் பிரயாணிகளல்லர். அக்காட்டுக்கு உரியவரான ஜாரவா மக்கள்.

அவர்களுக்கென்று 1957-இல் காப்புக்காடு வகுக்கப்பட்டது. அதனூடேயே 1970-களின் தொடக்கத்தில் சாலை வேலையும் ஆரம்பமாயிற்று! காட்டை வெட்டி வந்தோர்மீது ஜாரவாக்கள் அம்பெய்தனர்; வேலையாட்கள் சிலர் மாண்டனர். ஆயினும் காவலர் துணையுடன் வேலை தொடர்ந்தது. 1996-இல் கால் முறிந்த ஜாரவாச் சிறுவன் ஒருவன் கடம்தலா அருகே காணப்பெற்று, போர்ட் பிளேயரில் சிகிச்சை பெற்றுத் திரும்பினான். மறு ஆண்டு முதல் அம்மக்கள் வில்லின்றி வெளிவரலாயினர். மகிழத்தக்க செய்திதான், ஆனால் 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. 2011 கணக்கெடுப்பில் அவர்தம் தொகை 380. நம் காலனியின் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும் ஓர் இனம் அது.

காப்புக்காட்டினுள் செல்லும் பகுதியை மூடுமாறு 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012-இல், உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லும் படம் வெளிவந்து, உலகோர்முன் நாம் நாணி நின்றோம். வடக்கே குடியேறியோர் சொல்வதும் பொய்யன்று. பிரசவ வேதனையில் துடிப்பவளைக் கொந்தளிக்கும் கடலில் எங்ஙனம் கொண்டுசெல்வது என்று கேட்கிறார்கள். நோயாளிக்கும் அரிசி மூட்டைக்கும் சாலை திறந்திருக்கட்டும். வேடிக்கை பார்ப்போர்க்குக் கடல்வழி போதும் என்பது என் எண்ணம். அவ்வேடிக்கைக் கூட்டத்தில் நானும் ஒருவனாகச் சென்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

நடு நீரிணையில் பஸ்ஸையும் மனிதரையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு தோணி அக்கரை சேர்க்கிறது. அங்கே பாராடாங் தீவு. சேற்றெரிமலை என்றார்களே என்று நெருப்பை எதிர்பார்த்துப் போனேன். தாழ்ந்த மேட்டின்மேல் சாம்பல்நிறச் சேறு, அடுப்பிலுள்ள கூழைப்போல மொக்குளிட்டது, தொட்டால் சுடவில்லை! நிலத்தடியில் மட்கிய பொருள்களின் வாயு சேற்றை மேலே தள்ளுகிறதாம். சதுப்புக்காட்டு ஓடைவழியே படகிற் சென்றால் சுண்ணாம்புக் குகைகளையும் காணலாம்.

ஹம்ப்ரி நீரிணைமேல் இப்போது பாலமுண்டு. அப்பால் ரங்கத், அதன்பின், பர்மாவிலிருந்து 1925-இல் வந்த கரேன் மக்கள் வாழும் மாயாபந்தர்ப் பகுதி, இறுதியில் 732 மீட்டர் உயர்ந்த சேடில் சிகரத்தின் சாயலில் திக்லிப்பூர்.

திரும்பும்போதும் அதே காவல் வரிசை. ஜிர்க்காடாங்கை அடைந்ததும், "காட்டில் ஒருவரையும் காணோமே!" என்று பக்கத்து இருக்கைக்காரர் வருந்தினார். எனக்கு அது ஆறுதலாயிருந்தது.