விழிப்புணர்வின் வரலாறு

வேலைப் பளுவினாலும் கவலையினாலும் அலைவுறும் மனத்தை அமைதிப்படுத்த இன்று பல நாடுகளில் மருத்துவர் பரிந்துரைக்கும் பயிற்சியொன்று, ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட தொன்மையுடையது. பாளி மொழியில் அதன் பெயர் ‘ஸதி’. தமிழில் விழிப்புணர்வு எனலாம். நடக்குங்கால் நடப்பதையும், உண்ணுங்கால் உண்பதையும், மூச்சு வந்து செல்வதையும் உள்ளவாறு அறிந்திருத்தலே அதன் சாரமாகும்.

இலங்கையில் அரசாங்க அலுவல் புரிந்தபோது பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்பார், 1881ஆம் ஆண்டில் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் இச்சொல்லை ‘மைண்ட்புல்னெஸ்’ என ஆங்கிலத்தில் வழங்கினார்.

இதனை இடுக்கண் நிறைந்த காலத்திலும் கைவிடாதவர் ஞானபோனிக தேரர். ஜேர்மனியில் 1901இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், நாஸிகள் ஆண்ட தம் நாட்டை நீங்கி, 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டார். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், ஜேர்மனியர் என்ற காரணத்தால் ஆங்கில அரசு அவரைத் தியத்தலாவையிலும், பின்னர் இந்தியாவின் டேராடூனிலும் 1946 வரை தடுத்து வைத்தது. எந்நாட்டை விட்டு அகன்றாரோ, அந்நாட்டவர் என்றே அடைபட்டார். அவருள்ளம் கசந்திருப்பின் வியப்பில்லை. அவரோ முகாமிலிருந்தவாறே விழிப்புணர்வு பற்றிய நூற்பகுதிகளைத் தொகுத்தார். 1954இல் கொழும்பில் வெளியான அவரது ஆங்கில நூல், இப்பயிற்சியை மேனாட்டார்க்கு விளக்கிற்று.

1979இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பார், சமயச் சார்பின்றி, நாட்பட்ட நோயால் வருந்துவோர்க்குரிய பயிற்சியாக இதனை அமைத்தார்.

முகாமின் கதவு திறக்கும் நாள் தேரரின் கையில் இருக்கவில்லை. அவ்வந்நேரத்தைக் கவனித்தல் மட்டுமே அவர் கையில் இருந்தது. அன்றாடக் கவலைகளினூடே உழல்வோர்க்கும் அவ்வளவே உரிமை, அது சிறிதன்று.