துறைமுகத்தில் உமறுப் புலவர்

சிங்கப்பூரில் கோயில் எழுந்த விரைவில் பள்ளி எழவில்லை. 1819-இல் ராபிள்ஸ் துரையுடன் வந்த நாராயண பிள்ளை முதலில் செங்கற் சூளை வைத்தார். 1827-இல் மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலினார். 1834-இல் தோன்றிய ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இருந்தது. ஆயின் அது நெடுநாள் நடக்கவில்லை. இதில் வியப்பொன்றும் இல்லை. அக்காலத்தில் அத்துறைமுகத்துக்குச் சென்ற தமிழருள் பெரும்பாலோர் தனித்து வந்த ஆடவர். நாலு காசு சேர்த்து ஊர் திரும்புவதே அவர்கள் எண்ணம். பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளிக்கு என்ன வேலை?

மனைவி மக்களோடு குடியேறியவர்களாகத் தனித்து நிற்பவர்கள் கடையநல்லூர் முஸ்லிம்கள். கப்பல்துறையை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் இவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஆடவர் கூலி வேலைக்குச் செல்ல, பெண்டிர் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். சிங்கப்பூர்த் தமிழ் என்றால் சிராங்கூன் சாலையையே நினைக்கும் நாம் இத்தெருக்களையும் நினைத்தல் வேண்டும். 1941-இல் இவர்கள் ஒரு சங்கம் கண்டனர். ஜப்பானியர் ஆட்சி 1945-இல் நீங்கியதும், மறு ஆண்டே ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்து, அதற்கு உமறுப் புலவர் பெயரைச் சூட்டினர்.

பெயர்ப் பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. 5000-க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம் பிறக்கத் துணைநின்றோர் யாவர்? கீழக்கரைச் சீதக்காதியும் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும். இருவரும் கடலோர நகரத்துச் செல்வர். அன்று மரக்கல வணிகர் செய்ததை, இங்கு அன்றாடக் கூலி பெறுவோர் தம்மால் இயன்ற அளவில் செய்தனர்.

அந்நாளில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பெரும்பாலும் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்கு மேல் தமிழிலேயே படிக்க விரும்பிய பிள்ளைக்கு வழியில்லை. 1960-இல் உமறுப் புலவர் பள்ளி உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கி அவ்வழியைத் திறந்தது. எல்லாப் பாடங்களையும் தமிழில் கற்பித்த உயர்நிலைப் பள்ளி ஒன்று அந்நகரில் இருந்தது என்பதை இன்றைய ஆசிரியர் பலர் அறியார்.

ஆயினும் காலம் எதிராக இருந்தது. நல்ல ஊதியம் ஆங்கிலம் கற்றோரைத் தேடிச் சென்றது. ஆங்கிலப் பள்ளியிலேயே தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கலாம் என்ற ஏற்பாடும் 1960-களில் உறுதிப்பட்டது. பிரிட்டிஷார் 1971-இல் படைத்தளங்களைக் கைவிட்டனர். அவற்றை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கலைந்தன. பழைய குடியிருப்புகள் இடிபட, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர். பள்ளியை வாழவைத்த தெரு கலைந்தபின் பள்ளி எங்ஙனம் நிற்கும்? பெற்றோருக்குப் பற்றில்லை என்று பழிப்பாருடன் நாம் உடன்படுவதற்கில்லை. பிள்ளைக்குச் சோறு தரும் கல்வியை நாடுவது பற்றின்மை ஆகாது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியாக நின்ற அது, 1982-இல் மூடப்பட்டது.

பெயர் மட்டும் மறையவில்லை. 1983-இல் அரசு அமைத்த தமிழ்மொழி நிலையம் உமறுப் புலவர் பெயரையே தாங்கிற்று. அந்நிலையம் இன்று சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உள்ளது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்கள், பள்ளி நேரம் முடிந்தபின் நகரின் பல மூலைகளிலிருந்தும் அங்கு வந்து தமிழ் படிக்கின்றனர்.