மலையேறிய கச்சேரி

கோடை பிறந்ததும் வெப்பம் மிகுந்த சமவெளியை விட்டுக் குளிர்ந்த மலைக்குச் சென்று சில நாள் தங்கி வருவது இன்று நம்மவர் பலருக்கு வருஷந்தோறும் நிகழும் ஒரு சடங்காகிவிட்டது. ஆயினும் மலைக்குச் சென்றவர் எல்லாரும் ஓய்வு பெற்றுத் திரும்புகின்றனர் என்று சொல்வதற்கில்லை. அலுவலகத்தை விட்டு வந்துவிட்டோம் என்று எண்ணியிருப்போரை அலுவலகம் அங்கும் தேடி வந்துவிடுகிறது. இந்தத் துன்பம் செல்போனோடு பிறந்தது என்று பலர் கருதுகின்றனர். அது அப்படியன்று என்பதையும், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகவே அது நம் மலைகளில் குடிகொண்டிருக்கிறது என்பதையும், அதன் மூலகாரணம் கருவிகளில் இல்லை, பொறுப்பைக் கைவிட மனமில்லாத அதிகாரத்தில் இருக்கிறது என்பதையும் உதகமண்டலத்தின் சரித்திரம் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகிறது.

தோடர் தம் எருமை மந்தைகளோடும், கோத்தர் தம் கைத்தொழில்களோடும், படகர் தம் உழவோடும் வாழ்ந்துவந்த நீலகிரி, அவர்களுக்கு உல்லாச ஸ்தலம் அன்று. பிறந்து, உழைத்து, மூத்து மடியும் சொந்த வீடு. 1603ஆம் ஆண்டில் மலையாளக் கரையிலிருந்து ஃபெனிசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியார் மேலேறித் தோடரைக் கண்டு மீண்டார். அதன்பின் நெடுங்காலம் ஐரோப்பியர் அம்மலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. வந்தும், கோயம்புத்தூர் ஜில்லாவின் வரிக்கணக்கில் ஒரு பெயராகவே சில ஆண்டுகள் இருந்தது.

அக்காலத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் காய்ச்சலாலோ ஈரல் நோயாலோ நலிந்து போனால், அவர் உடல் தேறுவதற்கு இருந்த பெருவழி கடற்பிரயாணமே. தாய்நாட்டிற்குப் போக முடியாதவர் ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பகுதியில் உள்ள நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறுவர். போகவும் வரவும் மாதங்கள் கழியும். அத்தனை நாளும் சென்னையிலிருந்து ஒரு கடிதமும் அவரை எளிதில் துரத்திப் பிடிக்க இயலாது. ஆகவே கப்பலேறுவதற்கு முன் அவர் தம் பதவியை மற்றொருவரிடம் முறைப்படி ஒப்புவித்தாக வேண்டும். 'சார்ஜ் கொடுத்தல்' என்று இன்றும் நம் அலுவலகங்களில் வழங்கும் அந்தக் காரியம் எத்தகையது என்பதைச் சற்று நின்று கவனித்தல் நலம். கஜானாவின் சாவி கைமாறுகிறது. ரொக்க இருப்பு எண்ணிப் பார்க்கப்படுகிறது. முடியாமல் நிற்கும் காகிதக் கட்டுகள் பெயர் சொல்லி ஒப்படைக்கப்படுகின்றன. கொடுத்தவரும் பெற்றவரும் கையெழுத்திடுகின்றனர். அந்த நிமிஷத்திலிருந்து முன்னவர் சொல்லுக்கு அந்த மேஜையில் செல்வாக்கு இல்லை. அவர் ஓய்வு பெறுகிறார் என்பது மட்டுமன்று. அவரைக் கேட்கவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லாமற் போகிறது. கடலின் தூரம் ஓர் அரிய நன்மையைத் தற்செயலாகச் செய்தது: ஓய்வுக்குப் போகிறவன் தன் அதிகாரத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகும்படி செய்தது.

இந்த நிலையை மாற்றியது நீலகிரி. 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரண்டு இளம் உத்தியோகஸ்தர் மேலேறிப் பார்த்து, கோடையிலும் குளிர் நீங்காத ஒரு பூமி அங்கே இருக்கிறது என்ற செய்தியைக் கொணர்ந்தனர். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819 ஜனவரியில் தாமே ஏறினார். கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டியில் முதலில் தங்கினார். சிறுமுகையிலிருந்து பாதை வெட்டுவித்தார். பிறகு மேற்கே நகர்ந்து, மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளுக்கு நடுவே 1822இல் கல்பங்களாவைக் கட்டத் தொடங்கினார். ஓடையைத் தேக்கி ஏரி அமைத்தார். ஐரோப்பிய நோயாளிகள் கடல் கடந்து போகாமல் இங்கேயே தேறலாம் என்று மேலிடத்திற்கு ஓயாமல் எழுதினார். உதகமண்டலத்தைத் தோற்றுவித்தவர் என்னும் புகழ் அவருக்கு நியாயமாகவே உரியது. ஆனால் ஸல்லிவன் பதவியை விட்டுவிட்டு மலையேறவில்லை. பதவியோடு ஏறினார் என்பதை நாம் மறத்தலாகாது. உதகமண்டலத்தில் எழுந்த முதற் பெருமனையே வேலையில் இருந்த ஓர் அதிகாரியின் மனை. நன்னம்பிக்கை முனைக்குப் போனவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். நீலகிரிக்குப் போனவன் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போனான். பின்னால் விளைந்தவை எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே விளைந்தன.

அதன் முதற் பெரிய விளைவு 1834இல் கண்கூடாயிற்று. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு உடல்நலம் கருதி அவ்வாண்டு உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். இந்தியாவின் முதல் சட்ட அங்கத்தினராக நியமனம் பெற்ற மெக்காலே ஜூன் மாதத்தில் சென்னையில் வந்திறங்கினார். கல்கத்தாவுக்குப் போகவேண்டியவர், கவர்னர் ஜெனரல் இருக்கும் இடமே அரசாங்கம் ஆகையால், மலைக்கு வரவழைக்கப்பட்டார். ஆர்க்காடு, பெங்களூர், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல் அவர் பல்லக்கிலே பிரயாணம் செய்தார். மழை ஓயாத மாதங்களில், குளிருக்கு அஞ்சிக் கணப்பின் அருகே அமர்ந்து, பரந்த ஒரு தேசத்தின் விவகாரங்களைச் சிலர் ஒரு மலைக் கிராமத்திலிருந்து கவனித்து வந்தனர். நோய் தீர வந்த ஒருவர் தம் அதிகாரத்தையும் உடன் கொண்டுவந்தமையால், நோயில்லாத மற்றவரும் அவரைப் பின்தொடர்ந்து ஏற நேர்ந்தது. அவர்களையும் அவர்கள் காகிதங்களையும் மேலே சுமந்து சென்ற தோள்களோ பெயரின்றி மறைந்துவிட்டன. பல்லக்குத் தூக்குவோர் கட்டம் கட்டமாகக் காத்திருந்து, இரவென்றும் மழையென்றும் பாராமல், விஷக்காய்ச்சலுக்குப் பேர்போன அடிவாரக் காட்டைக் கடந்து அந்தப் பாரத்தை மாற்றி மாற்றி ஏற்றினர். ஒருவருடைய ஓய்வு எத்தனை பேருடைய உழைப்பின்மேல் நின்றது என்பதை அந்தப் பாதை நன்றாக அறியும்.

மலையில் உண்மையான விடுப்பை அனுபவித்தவர் எவரும் இலர் என்று சொல்வது நியாயமாகாது. சிந்துதேசத்தில் உத்தியோகம் பார்த்த ரிச்சர்ட் பர்ட்டன், பிற்காலத்தில் ஆயிரத்தோர் இரவுகளை மொழிபெயர்த்துப் புகழ் பெற்றவர், 1847இல் நோய்விடுப்புப் பெற்றுக் கடல்வழியாகக் கோவாவையும் கோழிக்கோட்டையும் கண்டு நீலகிரிக்கு ஏறினார். பொறுப்பு ஒன்றும் அவர் கையில் இல்லை. அந்த வெறுமை முதலில் அவருக்குச் சலிப்பையே தந்தது. ஆயினும் அதனை அவர் பாஷைகளைக் கற்பதிலும், மலைமக்களைக் கவனிப்பதிலும் செலவிட்டார். அந்த விடுப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1851இல் வெளிவந்தது. கையில் அலுவல் இல்லாத மனிதனுக்கே கண்முன் இருக்கும் மலை தென்படுகிறது.

இவ்வாறு இருக்கையில் தந்தி வந்தது. ஓஷாக்னெஸி என்பவருடைய மேற்பார்வையில் 1853இல் தொடங்கிய தந்தித் தடங்கள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை முதலிய பெருநகரங்களை இணைத்தபோது, மிகச் சிறியதோர் ஊராகிய உதகமண்டலத்தையும் அவற்றோடு சேர்த்து இணைத்தன. வாணிகமோ துறைமுகமோ இல்லாத ஒரு மலையூருக்கு அந்தப் பெருமை கிடைத்ததற்குக் காரணம் வேறு என்னவாக இருக்க முடியும்? ஓய்வெடுப்போர் அதிகாரம் உடையோராக இருந்தனர். அவர்களுக்குச் செய்தி எட்டவேண்டியிருந்தது. தபால் ஓட்டக்காரன் சதங்கை ஒலிக்க ஓடிவந்த காலத்தில் ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையே சில நாட்களாவது அமைதி இருந்தது. தந்திக் கம்பி அந்த இடைவெளியை அறுத்துவிட்டது.

வடக்கே 1864இல் வைசிராய் ஜான் லாரன்ஸ் சிம்லாவை இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராக ஆக்கினார். தெற்கே சென்னை அரசாங்கமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆண்டுதோறும் பல மாதங்கள் உதகமண்டலத்தில் வசிக்கும் வழக்கத்தை உறுதிப்படுத்திக் கொண்டது. பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராயிருந்த காலத்தில் அங்கே கவர்னர் மாளிகை எழுந்தது. ஸல்லிவன் வாழ்ந்த கல்பங்களா அரசாங்கக் காரியாலயமாயிற்று; அக்கால வழக்கில் சொன்னால், கச்சேரியாயிற்று. ஆரோக்கியம் நாடி எழுந்த ஊரின் முதல் வீடே கோப்புகள் குவியும் கச்சேரியாக மாறியதைவிட அவ்வூரின் கதையைத் தெளிவாகச் சொல்லும் அடையாளம் வேறில்லை.

ஒரு காகிதம் மலையேறிய விதத்தை எண்ணிப் பார்ப்போம். சென்னையில் ஒரு குமாஸ்தா எழுதி, மேலதிகாரி குறிப்பிட்டு, சிவப்பு நாடாவில் கட்டிய கோப்பு ரயிலில் ஏறும். 1873 முதல் ரயில் மேட்டுப்பாளையம் வரை சென்றது. அங்கே இறங்கிய தபால் பை டாங்கா என்னும் குதிரைவண்டியில் ஏறி, வழியிலே குதிரை மாற்றி, கூனூர்க் கணவாய் வழியாக வளைந்து வளைந்து மேலே போகும். கல்பங்களாவில் ஒரு சேவகன் அதை வாங்கி மேஜையில் வைப்பான். ஒரு வரி எழுதியபின் அதே பாதையில் அது கீழே இறங்கும். கையொப்பம் வேண்டிய காகிதங்கள் பலவாயின. ஆகவே எழுதுவோரும் பலர் வேண்டியிருந்தது. குமாஸ்தாக்களும் சேவகரும் மூட்டை முடிச்சுகளோடு கோடைதோறும் மேலே போயினர். குளிர் தாங்கும் துணியின்றி, குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டு, பெரியோருடைய ஓய்வுக்காலத்தைத் தம் பணிக்காலமாகக் கழித்த சமவெளித் தமிழருக்கு அந்த மலைவாசம் எவ்வகையிலும் விடுமுறை அன்று.

பின்பு மலைரயில் அமைந்தது. 1899இல் கூனூர் வரையிலும், 1908இல் உதகமண்டலம் வரையிலும் அது ஓடத் தொடங்கியது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை ஒன்று தொடங்குகிறது. எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளுகிறது. அந்தப் பகுதியில் ஏற்றம் பன்னிரண்டடிக்கு ஓரடி வரை உயர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் தூரத்தை ஏற அதற்கு நான்கு மணி நேரத்திற்கு மேலாகிறது. மனிதத் தோள்கள் சுமந்த பாரத்தை இயந்திரம் ஏற்றது மிகப் பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓய்வுக்குப் போகும் வழி எளிதாகும்போதெல்லாம் அலுவல் போகும் வழியும் அதே அளவு எளிதாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழி இருவருக்கும் பொது.

மக்கள் வெயிலிலும் வறட்சியிலும் வாடும்போது ஆளுவோர் மலையில் இருக்கிறார்களே என்று சென்னையின் பத்திரிகைகளும் பொதுமக்களின் பிரதிநிதிகளும் அந்நாளில் கண்டித்தனர். அந்தக் கண்டனம் நேர்மையானது. ஆனால் அதனோடு நான் ஒன்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆட்சியாளர் ஓய்வெடுத்தது குற்றமன்று. முழுமையாக ஓய்வெடுக்காததே குற்றம். நோயுற்றவர் தக்க ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மலையில் தங்கியிருந்தால், ஆட்சி சென்னையிலேயே மக்கள் நடுவில் நடந்திருக்கும். குமாஸ்தாவும் தன் வீட்டில் உறங்கியிருப்பான். ஆளுவதும் வேண்டும், ஆளும் இடத்தின் வெப்பமும் வேண்டாம் என்ற ஆசையே மலையைக் கச்சேரியாக்கியது.

இன்று சென்னைச் செயலகம் கோடையில் மலையேறுவதில்லை. கல்பங்களாவில் 1955 முதல் அரசினர் கலைக் கல்லூரி நடக்கிறது. ஆனால் அன்று ஒரு கவர்னருக்கு நேர்ந்தது இன்று ஒவ்வோர் ஊழியனுக்கும் நேர்ந்திருக்கிறது. தன் கச்சேரியைத் தன் சட்டைப் பையிலேயே எடுத்துக்கொண்டு அவன் தொட்டபெட்டா உச்சியில் நிற்கிறான். ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு: கவர்னர் தாமே விரும்பிக் காகிதங்களை வரவழைத்தார், இந்த ஊழியனோ கேளாமலே அழைக்கப்படுகிறான். 'போனை அணைத்துவிடு, மனத்தை அடக்கு' என்று அவனுக்கு உபதேசம் செய்வோர் நோயின் இடத்தை அறியாதவர். அவனுடைய வேலையை ஏற்க ஒருவரும் நியமிக்கப்படாதபோது, போனை அணைத்தவன் மனம் அணைவதில்லை. திரும்பிப் போகும்போது என்ன காத்திருக்குமோ என்று அது எரிந்துகொண்டே இருக்கும்.

பிரான்ஸ் தேசம் 2016இல் இயற்றி 2017 ஜனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியரை வேலை நேரத்திற்கு அப்பால் அழைப்பதைப் பற்றி அவர்களோடு பேசி ஒழுங்கு காண வேண்டும் என்று விதித்தது. நம் மக்களவையிலும் 2018இல் அத்தகைய ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரப்பட்டது. இவை நல்ல முயற்சிகள். எனினும் சட்டம் வரும்வரை காத்திராமல், ஒவ்வொரு மேலதிகாரியும் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று நம் பழைய காரியாலய மரபிலேயே இருக்கிறது. விடுப்பில் செல்பவனிடமிருந்து சார்ஜை முறையாக வாங்கி மற்றொருவனிடம் கொடுப்பது, கொடுத்தபின், முடிவு தாமதமானாலும், சற்றுக் குறையுடையதாக இருந்தாலும், புதியவனையே நம்புவது, போனவனைக் கூப்பிடாதிருப்பது. இவ்வளவே அது.

விடுமுறை என்பது எஜமானன் மனமிரங்கி நீட்டித் தரும் கயிறு அன்று, வேண்டும்போது பிடித்து இழுப்பதற்கு. அது கொடுத்தால் முழுமையாகக் கொடுக்கவேண்டிய ஒரு பொருள். எவ்வளவு தூரமான மலைக்கும் கம்பியும் பாதையும் போய்ச் சேர்ந்துவிட்ட உலகத்தில், தூரம் இனி நமக்கு ஓய்வைத் தராது; ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையே தரவேண்டும். தனக்குக் கீழ் உள்ளவனை அந்த நம்பிக்கையோடு வழியனுப்பக் கற்ற மேலதிகாரி, தானும் ஒரு நாள் நிம்மதியாக மலையேறுவான்.